பூனைக் குரலை மொழிபெயர்க்கும் செயலி: இரண்டாம் வருஷத்திலும் என் போனில்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பூனை சோமுவோடு பேசிவிட வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே வெறி. பத்தாவது பரீட்சை லீவில் இந்தச் செயலியைப் போட்டேன். இப்போது பி.யு.சி. இரண்டாம் வருஷம் (பன்னிரண்டாம் வகுப்பு), இன்னும் வைத்திருக்கிறேன், அதனால் நாலு நாள் பார்த்துவிட்டு எழுதும் விமர்சனம் இல்லை இது.

மைக்கை ஆன் செய்துவைத்தால், பூனை கத்தும்போது இங்கிலீஷில் ஒரு வரி வரும், நான் வீட்டாருக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். அம்மா மத்தி மீன் ஆயும்போது சோமு காலைச் சுற்றிச் சுற்றிக் கத்துவான், செயலியோ 'என்னைத் தனியாக விடு' என்று காட்டும். "சரிடா, அப்ப மீன் தலை உனக்கு இல்ல" என்பார் அம்மா. ஒருநாள் குக்கர் விசிலுக்கு 'நான் காதலில் இருக்கிறேன்' என்று வந்தது. அன்றிலிருந்து விசில் அடித்தாலே பாட்டி "மாப்பிள்ளை கூப்பிடுறாரு, அடுப்ப அணை" என்கிறார்.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்லிக்கொள்வது ரொம்பக் குறைவு. குட்டி தாயைக் கூப்பிடும், பெரிய பூனை பெரும்பாலும் நம்மைத்தான் கூப்பிடும், எப்படிக் கத்தினால் தன் வீட்டில் வேலை நடக்கும் என்று அதுவே பழகிக்கொள்ளும். அப்படியிருக்க எல்லாப் பூனைக்கும் ஒரே அகராதி எங்கிருந்து வரும்? 2019-இல் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 21 பூனைகளின் குரலைப் பதிந்து, சாப்பாட்டுக்குக் காத்திருப்பது, முடி வாரிவிடுவது, பழகாத இடத்தில் தனியாக இருப்பது என மூன்று நிலைகளைக் கணினியால் பிரித்துக் காட்டினார்கள். மூன்றே மூன்று. காதல் கீதல் எல்லாம் அதில் கிடையாது.

எனக்கு உண்மையில் உதவியது, கத்தலைப் பதிந்து நாமே 'பசி', 'கதவைத் திற' என்று குறித்துவைக்கும் வசதிதான். விடாமல் குறித்ததில் என் காதே தேறிவிட்டது: கதவுக் கத்தல் குட்டையாக, கடைசியில் மேலே ஏறி முடியும், பசிக் கத்தல் இழுத்து இழுத்துக் கீழே இறங்கும். படிக்கிற மேஜையில் இருந்தபடியே எது என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் ஒரு மழை நாளில் சோமு ஒன்றுக்குப் போகும் மண் தட்டில் உட்காருவதும் எழுவதுமாகக் கத்திக்கொண்டிருந்தான், ஒரு சொட்டு மூத்திரம் வரவில்லை. செயலி 'சந்தோஷமாக இருக்கிறேன்' என்றது! அப்பா ஆட்டோ பிடித்து டாக்டரிடம் தூக்கிப் போனதால் பிழைத்தான். மூத்திரப் பாதை அடைப்பு, ஆண் பூனைகளுக்கு ஓரிரு நாளில் உயிரையே வாங்கிவிடும். இதில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. தட்டில் உட்கார்ந்து கத்தினால் போனைப் பார்க்காதீர்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

போன் இல்லாமலே பேசவும் வழி இருக்கிறது. பூனையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால் அதுவும் திருப்பிச் செய்யும், அறிமுகமில்லாதவர் செய்தால்கூட நெருங்கி வரும் என்று 2020-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. சோமுவிடம் பலித்தது. மாடிப்படியில் யாரைக் கண்டாலும் சீறும் கறுப்புப் பூனையும் இப்போது எனக்குக் கண் மூடிக் காட்டுகிறது, முதல் தடவை காட்டிய அன்றைக்குச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

காசு கட்டும் பதிப்பு வேண்டவே வேண்டாம். இலவசத்திலேயே குறித்துவைக்கும் வசதி இருந்தால் போடுங்கள், குக்கர் வைக்கும் நேரத்தில் மட்டும் மைக்கை அணைத்துவிடுங்கள்.