பழைய விதிக்குப் புதிய ஷீட்: டி அண்ட் டி பியாண்டில் 2014 ஆட்டம்

பகடை உருட்டிக் கற்பனைப் பாத்திரங்களாகக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை 2014ஆம் ஆண்டு விதிகளின்படி இன்னமும் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு குழுவுக்கு, 2024 விதிகளுக்காக மாற்றியமைக்கப்பட்ட டி அண்ட் டி பியாண்ட் என்னும் இணையக் கருவி எவ்வளவு தூரம் உதவும் என்பதைத்தான் இந்த மதிப்புரையில் பார்க்கப்போகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணக்கு எழுத அது நன்றாக உதவும், ஆனால் ஒரே பெயரில் இரண்டு விதிகள் இருக்கும் இடங்களில் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு சனிக்கிழமை இரவுகளில் வீடியோ அழைப்பில் கூடி ஆடுகிறது; கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான். கதை பாதி வழியில் இருந்தபோது ஆட்டக்காரர்களுக்கான விதிநூலான ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் புதிதாக வந்தது. ஆரம்பித்த விதியிலேயே முடித்துவிடுவோம் என்று ஐவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வெளிவந்தது. திருத்தப்பட்ட ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக் 2024 செப்டம்பரிலும், டன்ஜன் மாஸ்டருக்கான நூல் அதே ஆண்டு நவம்பரிலும், அரக்கர்களின் நூல் 2025 பிப்ரவரியிலும் வந்தன. ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் இதை ஆறாம் பதிப்பு என்று அழைக்கவில்லை. பழைய சாகசங்களைப் புதிய விதிகளோடு சேர்த்தே ஆடலாம் என்றது. கருவியின் வரலாறு தனி. 2017இல் கர்ஸ் என்ற நிறுவனம் டி அண்ட் டி பியாண்டைத் தொடங்கியது. பிறகு அது ஃபேண்டம் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2022இல் விசார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 14.63 கோடி டாலருக்கு அதை வாங்கியது. விதியை எழுதுபவரும், பாத்திரத்தின் எண்களைக் குறிக்கும் தாளான ஷீட்டை வைத்திருப்பவரும் ஒருவரே ஆகிவிட்ட பிறகு, அந்த ஷீட் புதிய புத்தகத்தின் பக்கம் சாய்வதில் வியப்பில்லை. கடைக்காரர் புதுச்சரக்கை முன்வரிசையில் அடுக்குவது இயல்புதான். பழைய சரக்கு பின்னறையிலாவது கேட்டால் கிடைக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஒழுங்காகவே கிடைக்கிறது. பழைய புத்தகத்திலிருந்து வரும் வகுப்புகள் (பாத்திரத்தின் தொழில்), இனங்கள், மந்திரங்கள் எல்லாவற்றின் பக்கத்திலும் 'லெகசி' என்ற சிறு முத்திரை இருக்கும். எங்கள் குழுவின் கிளெரிக்கை, அதாவது தெய்வ அருளால் மந்திரம் சொல்லும் பாத்திரத்தை, எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் லெவல், விஸ்டம் என்னும் திறன் எண் 16. ஐந்தாம் லெவலில் தேர்ச்சி ஊக்கம், அதாவது தேர்ச்சிக்காகப் பகடையோடு கூட்டும் எண், 3 ஆக உயர்கிறது. விஸ்டம் தரும் ஊக்கமும் 3. இவற்றோடு அடிப்படை எண்ணான 8ஐக் கூட்டினால் அவளுடைய மந்திரத்தை எதிர்த்துத் தப்ப வேண்டியவர் தன் பகடைக் கணக்கில் குறைந்தது 14 எடுக்க வேண்டும். காகித ஷீட்டில் லெவல் ஏறும் ஒவ்வொரு முறையும் இதைப் போல ஏழெட்டு இடங்களில் அழித்து எழுத வேண்டும். ஒன்றை மறந்தால் மூன்று வாரம் கழித்துத்தான் தெரியவரும். கருவியில் ஒரு முறை தட்டினால் போதும். பழைய கணக்கையே அது போடுகிறது என்பதற்கு எனக்குத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. 2014 விதியில் கிளெரிக் ஒரு நாளைக்குத் தயார் செய்யும் மந்திரங்களின் எண்ணிக்கை லெவலையும் விஸ்டம் ஊக்கத்தையும் கூட்டி வருவது, அதாவது இவளுக்கு 8. 2024 விதியில் அது அட்டவணையில் உள்ள நிலையான எண், ஐந்தாம் லெவலுக்கு 9. எங்கள் கிளெரிக்கின் ஷீட்டில் 8தான் இருந்தது. கிளெரிக்கின் உட்பிரிவான (சப்கிளாஸ்) தெய்வத் துறையை முதல் லெவலிலேயே தேர்ந்தெடுக்கும் பழைய முறையும் அப்படியே இருந்தது. புதிய விதியில் எல்லா வகுப்புகளுக்கும் சப்கிளாஸ் மூன்றாம் லெவலில்தான் வரும்.

சிக்கல் வேறொரு மூலையில் இருந்தது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, ஒரு குகை வாயிலில் எங்கள் போர்வீரரான ஃபைட்டர் உயிர்ப்புள்ளி பூஜ்யமாகிக் கீழே விழுந்தார். கிளெரிக் ஆடும் தங்கை 'ஹீலிங் வேர்ட்' என்ற குணமாக்கும் மந்திரத்தைச் சொன்னாள். கைப்பேசித் திரையில் பகடை உருண்டது: 3, 4, ஊக்கம் 3, ஆக 10. நான் அதைக் குறித்துக்கொண்டேன். அடுத்த முறை ஒகர் என்ற அரக்கனின் கதாயுதம் இறங்கியது. 9 புள்ளிச் சேதம். ஒரே ஒரு புள்ளியோடு ஃபைட்டர் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய ஹீலிங் வேர்டில் நான்கு பக்கப் பகடை ஒன்றுதானே?

"அண்ணா, நான் எதுவும் மாத்தல. திரையில ரெண்டுதான் வருது," என்றாள் அவள். உண்மைதான். முந்தைய வாரம் மந்திரங்களை மாற்றி அடுக்கும்போது பட்டியலில் ஹீலிங் வேர்ட் இரண்டு முறை இருந்திருக்கிறது, ஒன்று முத்திரையோடும் மற்றொன்று முத்திரை இல்லாமலும். அவள் தட்டியது முத்திரை இல்லாததை. பழைய விதிப்படி கணக்கிட்டால் முதல் பகடையின் 3உம் ஊக்கத்தின் 3உம் சேர்ந்து 6. ஒகரின் அடியில் ஃபைட்டர் மறுபடியும் விழுந்திருப்பார். நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கருவி எந்தத் தவறும் செய்யவில்லை, தேர்ந்தெடுத்ததில்தான் தவறு. அதைச் சரிபார்க்காதது என் தவறு. ஆனால் அந்த இரவிலிருந்துதான் நான் இந்தக் கருவியை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

பழைய விதியில் மட்டும் இருந்து புதியதில் இல்லாமல் போனவற்றால் எங்களுக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. அரை எல்ஃப் இனம் புதிய ப்ளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இல்லை. ஆகவே ஷீட்டில் அரை எல்ஃப் என்றிருந்தால் அது பழையது என்று பார்த்த உடனேயே தெரியும். ஆயுதங்களுக்குத் தனித்திறன் தரும் 'வெப்பன் மாஸ்டரி' என்ற புது வசதி பழைய விதியில் இல்லை. அது கண்ணில் பட்டால் புதியது. குழப்பம் முழுவதும் பெயர் மாறாமல் உள்ளடக்கம் மாறியவற்றில்தான் இருக்கிறது. குணமாக்கும் மந்திரமான 'கியூர் வூண்ட்ஸ்' ஓர் எட்டுப் பக்கப் பகடையிலிருந்து இரண்டாகியிருக்கிறது. 'கவுண்டர்ஸ்பெல்' பழைய விதியில் மூன்றாம் நிலை வரையிலான மந்திரத்தைக் கேள்வியில்லாமல் தடுக்கும். புதிய விதியில் எதிராளி தன் உடலுறுதியைக் கொண்டு தப்ப முயலலாம், தோற்றாலும் அவருடைய மந்திர இடம் (மந்திரம் சொல்லச் செலவாகும் ஒதுக்கீடு) செலவாகாது. புனிதப் போர்வீரரான பலாடினின் 'டிவைன் ஸ்மைட்' முன்பு அடி விழுந்த பிறகு சேர்த்துக்கொள்ளும் வகுப்புத் திறன். இப்போது அது, ஒரு முறையில் ஒன்றே கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் செலவழித்துச் சொல்ல வேண்டிய மந்திரம், ஆகவே ஒரு முறைக்கு ஒன்றுதான் சாத்தியம். 'கான்ஜர் அனிமல்ஸ்' பற்றிச் சொல்லவே வேண்டாம். எட்டு ஓநாய்களை வரவழைத்து மேசையை ஸ்தம்பிக்க வைத்த அந்த மந்திரத்தில் பெயரைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. ஒரு டன்ஜன் மாஸ்டராக அதைப் புதிய வடிவத்தில் பார்த்து உள்ளூர மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மந்திரங்களுக்கு வெளியிலும் இப்படிப்பட்ட இரட்டைகள் உண்டு. களைப்பு என்னும் நிலையில் பழைய விதி ஆறு படிகளையும் வெவ்வேறு தண்டனைகளாக வைத்திருந்தது: முதல் படியில் திறன் சோதனைகள் பாதிக்கப்படும், இரண்டாவதில் வேகம் பாதியாகும், நான்காவதில் உயிர்ப்புள்ளி பாதியாகும். புதிய விதியிலோ ஒவ்வொரு படிக்கும் 20 பக்கப் பகடையில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும். ஆறாவது படியில் இறப்பு என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. மருந்துக் குப்பியைக் குடிப்பது பழைய விதியில் ஒரு முழு ஆக்‌ஷன், புதியதில் போனஸ் ஆக்‌ஷன்.

பாத்திரத்தை உருவாக்கும் கட்டத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பழைய விதியில் திறன் எண்களுக்கான கூடுதல் புள்ளிகள் இனத்திலிருந்து வரும்; புதியதில் பாத்திரத்தின் முன்வாழ்க்கையைச் சொல்லும் பின்னணியிலிருந்து வரும். பழைய இனத்தையும் புதிய பின்னணியையும் சேர்த்தால் இனம் தரும் புள்ளிகளை விட்டுவிட வேண்டும் என்றும், கூடுதல் புள்ளிகள் இல்லாத பழைய பின்னணியைப் புதிய விதியில் எடுத்தால் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் 2024 புத்தகமே சொல்கிறது. சுத்தமாக 2014இல் ஆடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கலந்து ஆடுபவர்கள் மட்டும் இறுதி எண்களை ஒரு முறை விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த நிலைமை இன்னும் மோசமாகியிருக்கக்கூடும். 2024 ஆகஸ்டில், புதிய புத்தகம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஷீட்டுகளில் உள்ள பழைய மந்திரங்களும் மாயப் பொருட்களும் புதிய வடிவத்துக்கு மாற்றப்படும் என்றும், பழையதே வேண்டும் என்பவர்கள் அதை ஹோம்ப்ரூவாக, அதாவது சொந்தத் தயாரிப்பாக, தாங்களே தட்டெழுதிக்கொள்ளலாம் என்றும் நிறுவனம் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைத் திரும்பத் தட்டச்சு செய்யச் சொன்னால் யார்தான் பொறுப்பார்கள்? எதிர்ப்பு பலமாக எழுந்தது. சில நாட்களிலேயே அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. நாம் இன்று பட்டியலில் இரட்டை இரட்டையாகப் பார்க்கும் பெயர்கள் அந்தப் பின்வாங்கலின் விளைவு. எனக்கு அது சம்மதமே. ஒன்றைக் காணாமல் போக்குவதைவிட இரண்டையும் வைத்துக் குழப்புவது மேல்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலவசக் கணக்கில் ஆறு பாத்திரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் வேண்டுமானால் மாதம் 2.99 டாலர் கட்டணம். டன்ஜன் மாஸ்டர் தான் வாங்கிய புத்தகங்களைக் குழுவினரோடு பகிர வேண்டுமானால் மாதம் 5.99 டாலர். ஐந்து பேரும் தனித்தனியே புத்தகம் வாங்குவதோடு ஒப்பிட்டால் ஒருவர் வாங்கிப் பகிர்வது நிச்சயமாக மலிவு. ஆனால் மாதச் சந்தாவில் இருக்கும்வரைதான் அந்தப் பகிர்வு.

டி அண்ட் டி பியாண்டில் எனக்குள்ள முக்கியமான குறை, பழையதா புதியதா என்ற தேர்வு அந்தந்த ஆட்டக்காரரின் ஷீட்டில், அந்தந்த வரியில் நடக்கிறது என்பதுதான். ஃபவுண்ட்ரி விடிடி என்ற இணையவழி மேசையாட்ட மென்பொருள் இதில் தெளிவாக இருக்கிறது: அதன் ஐந்தாம் பதிப்பு அமைப்பில் பழைய விதியா புதிய விதியா என்று ஆட்டம் முழுவதற்கும் ஒரே இடத்தில் குறித்துவிடலாம். விலையும் ஒரு முறை 50 டாலர்; டன்ஜன் மாஸ்டர் ஒருவர் வாங்கினால் போதும். ரோல்20 தளம் இரண்டு விதிகளுக்கும் தனித்தனி ஷீட்டுகளை வைத்திருக்கிறது, அதுவும் ஒரு நேர்மையான வழி. ஆனால் ஃபவுண்ட்ரியை நம் கணினியில் நிறுவி மற்றவர்களை அதனுடன் இணைக்கும் வேலை எல்லாருக்கும் கைவராது. புதிதாக ஆட வருபவருக்கு வகுப்பு, இனம், பின்னணி என்று படிப்படியாகக் கைப்பிடித்து அழைத்துச் செல்வதில் டி அண்ட் டி பியாண்டுக்கு ஈடாக நான் வேறொன்றைப் பார்த்ததில்லை.

இணையக் கருவியை மட்டும் நம்பிப் பழைய விதியில் ஆடுபவர்கள் நான்காம் பதிப்பின் கதையைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 2008இல் வந்த அந்தப் பதிப்புக்கு முதலில் கணினியில் நிறுவிக்கொள்ளும் பாத்திர உருவாக்கி இருந்தது; 2010இல் அதன் இடத்தில் சில்வர்லைட் தொழில்நுட்பத்தில் இயங்கும் இணைய வடிவம் வந்தது; அந்தத் தொழில்நுட்பத்துக்கே ஆயுள் முடியும் தறுவாயில், 2020 தொடக்கத்தில் கருவிகள் மூடப்பட்டன. அலமாரியில் இருந்த புத்தகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் பதிப்பு அந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுத்துவைத்தது: 2014 விதிகளின் அடிப்படைச் சுருக்கமான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. அதை வைத்து யார் வேண்டுமானாலும் கருவி செய்யலாம், அந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் அதில் ஒரு வகுப்புக்கு ஒரு சப்கிளாஸ்தான். பின்னணியாக 'அகோலைட்' ஒன்றும், கூடுதல் சிறப்புத் திறனான ஃபீட்டாக 'கிராப்ளர்' ஒன்றும் மட்டுமே. எங்கள் கிளெரிக்கின் ஒளித் துறை அதில் கிடையாது.

ஆகவே நாங்கள் இப்போது செய்வது இது. லெவல் ஏறும் ஒவ்வொரு முறையும் எல்லாருடைய ஷீட்டையும் பிடிஎஃப் ஆக இறக்கி ஒரு கோப்புறையில் போட்டுவிடுகிறோம். மந்திரங்களை மாற்றி அடுக்கியவர் ஆட்டம் தொடங்கும் முன் முத்திரைகளைத் திரையில் காட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஷீட்டில் மந்திரத்தின் பெயரை நாமே மாற்றி எழுதிக்கொள்ளும் வசதி இருப்பதைத் தங்கை கண்டுபிடித்தாள். அவளுடைய பட்டியலில் ஹீலிங் வேர்டின் பெயர் இப்போது 'ஒத்தப் பகடை'.