எட்டுப் பேர் ஏறலாம், ஸ்டெப்னி இறங்காது

போன வாரம் நண்பன் கூப்பிட்டான். 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. குறைந்து புது வண்டி விலை இறங்கியதிலிருந்து பழைய வண்டிகளும் கொஞ்சம் மலிவாக வருகின்றனவாம். "உன்னுதாட்ட ஒரு எட்டு சீட்டர் பாக்கலாம்னு இருக்கறேன் மாப்ள. வருசா வருசம் குடும்பத்தோட காடு, கடலுன்னு சுத்தறியே, வண்டி எப்படி?" என்றான். கேட்ட நேரம் சரியில்லை. நான் அப்போது ஒர்க்‌ஷாப்பில், என் வண்டிக்கு அடியில் கிரைண்டர் பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்டெப்னியை வெளியே எடுக்க அதன் சங்கிலியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடத்தில் இது இரண்டாவது சங்கிலி.

அவனுக்கு அன்று சொன்ன பதிலில் பாதி கெட்ட வார்த்தை. மீதியை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

2012 மாடல் டீசல். 2017-இல் இரண்டாவது கையாக, 78,000 கிலோமீட்டரில் வாங்கினேன். இன்று 1,94,000. எந்தக் கம்பெனி என்று போடவில்லை. ஸ்டெப்னியை வயிற்றுக்கு அடியில் தொங்கவிட்டிருக்கிற வண்டி எதை வைத்திருந்தாலும் இது உங்கள் கதையும்தான். பெரும்பாலும் உள்ளூர் ஓட்டம். அரையாண்டு விடுமுறை வந்தால் மட்டும் எட்டுப் பேர்: அம்மா, மனைவி, என் பிள்ளைகள் இரண்டு, அக்கா, மாமா, அவர்கள் பையன், நான். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு, திருச்சூர், அங்கிருந்து கடற்கரை, கொச்சி, ஆலப்புழை, திரும்பும்போது சாலக்குடி, அதிரப்பள்ளி, வாழச்சால், மலக்கப்பாறை, வால்பாறை, ஆழியாறு. ஒரு சுற்று. இரண்டு வருடம் வடக்கே கண்ணூர் வரை நீட்டினோம். அந்த இரண்டு வருடம்தான் வினை. அதற்கு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லும் மனநிலையில் இருப்பேனா தெரியாது. இன்ஜின் பற்றி ஒரு குறையும் கிடையாது. எட்டுப் பேரும், கேரியரில் மூன்று பெரிய பெட்டியும், ஏ.சி.யும் போட்டுக்கொண்டு மலை ஏறினாலும் மூச்சு வாங்காது. நெடுஞ்சாலையில் லிட்டருக்குப் பதிமூன்று, மலையில் பத்து, பத்தரை. பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே குதிரானில் சுரங்கப்பாதை திறந்த 2021-க்கு முன்னால் அந்த மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் முதல் கியரிலேயே நகர்ந்ததுண்டு. அப்போதும் கிளட்ச் வாசம் வந்ததில்லை.

மூன்றாவது வரிசையைப் பற்றி எல்லாரும் குறை சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதுதான் அம்மாவின் சிம்மாசனம். அறுபத்தெட்டு வயது, நடு சீட்டில் உட்காரச் சொன்னால் கோபம் வரும். பின் பக்கக் கண்ணாடி நீளமானது, காலைக் குறுக்கே நீட்டிக்கொள்ளலாம், யாரும் ஏறி இறங்க இவர் எழுந்து வழிவிட வேண்டியதில்லை. வால்பாறை இறக்கத்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. முன்னால் உட்கார்ந்தவர்களுக்குக் குமட்டும்போது அம்மா பின்னால் வரையாடு எண்ணிக்கொண்டு வருவார். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி நாங்கள் இறங்கித் தேடுவதற்குள் "அதா, பாறை மேல ரெண்டு" என்று உள்ளிருந்தே காட்டிவிடுவார். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கை முதலில் பார்ப்பவரும் அவர்தான். இந்த ஒரு ஜன்னலுக்காகவே இந்த வண்டியை மாற்றாமல் வைத்திருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, ஸ்டெப்னி.

எட்டு சீட்டும் போட்டபின் பின்கதவுக்கும் கடைசி சீட்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடம் இருக்காது. அதில் ஸ்டெப்னி வைக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது. அதனால் அடியில், ஒரு சங்கிலியில் தொங்கவிட்டு, நீளக் கம்பியை பம்பருக்கு மேலே ஒரு ஓட்டையில் நுழைத்துச் சுற்றி இறக்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள். காகிதத்தில் நல்ல யோசனை. ஆனால் அந்தக் கம்பி இருப்பது கடைசி சீட்டுக்கு அடியில். ஜாக்கி இருப்பது பின் பக்கவாட்டு மூடிக்குள். அதாவது பஞ்சர் ஆனால் பின்னால் திணித்த பைகள் அத்தனையையும் ரோட்டில் இறக்க வேண்டும், கடைசி சீட்டில் இருப்பவர்களை இறக்க வேண்டும், சீட்டை மடக்க வேண்டும், அதன்பிறகுதான் கம்பி. எட்டுப் பேர் போகலாம் என்று கணக்குப் போட்டவர், அந்த எட்டுப் பேர் ஒரு நாள் நடுரோட்டில் நிற்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

இன்னொன்று. அடியில் மாட்டியிருக்கும்போது காற்று அடிக்கும் வால்வு மேல்பக்கம் பார்த்திருக்கும். பங்க்கில் நாலு டயருக்கும் காற்றுப் பிடித்துவிட்டு "ஸ்டெப்னி?" என்று பையன் கேட்பான். "இருக்கட்டும்பா" என்போம். நான் ஐந்து வருடம் "இருக்கட்டும்பா" சொன்னவன்.

இனி என் பங்கு. கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் நடுவே முழப்பிலங்காடு. ஈரமணல் தார் ரோடு மாதிரி இறுகியிருக்கும், நாலு கிலோமீட்டர் கடலோரமாகவே வண்டி ஓட்டலாம். 2018-லும் 2019-லும் போனோம். பிள்ளைகள் கத்தக் கத்த அலை நுனியில் சக்கரத்தை விட்டு ஓட்டினேன். ஒரு மணி நேரம் மகாராஜா. சாயங்காலம் தங்கிய இடத்தில் மேலே மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். அடியில் யார் குனிவது? கடல் நீர் காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றில் இருக்கிற ஈரத்தை அதுவே இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். ஸ்டெப்னி சங்கிலியும் அதைச் சுற்றுகிற பல்சக்கரமும் பின்சக்கரங்கள் வாரியிறைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இது போதாதென்று ஃபோர்ட் கொச்சி, வைப்பின் ரோ-ரோ படகு. வண்டியோடு அக்கரை போவது பிள்ளைகளுக்குக் குஷி. இறங்கும் பலகையில் முன்சக்கரம் ஏறும்போது பின்னால் ஒரு "கர்ர்ர்". உரசுவது ஸ்டெப்னி. கொச்சிக்கு உள்ளே வண்டியே வேண்டாம் என்று ஞானம் வந்தது பிறகுதான். மட்டாஞ்சேரிச் சந்துகளில் இந்த அகலத்தைத் திருப்பி எடுப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். இப்போது ஹைகோர்ட் பக்கம் நிறுத்திவிட்டு வாட்டர் மெட்ரோவில் போய் சீனவலை பார்த்துவிட்டு வருகிறோம்.

2022 டிசம்பர். வாழச்சால் செக்போஸ்ட்டில் வண்டி எண், நேரம், பிளாஸ்டிக் பாட்டில் எத்தனை என்று எல்லாம் எழுதிக்கொண்டு விட்டார்கள். மாலைக்குமேல் அனுமதி இல்லாத ரோடு. வழியில் நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது. இருவாச்சி தெரிகிறதா என்று எல்லாரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனக்கயம் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம். பின் இடது டயர். கூரான கல் பக்கவாட்டில் கிழித்திருந்தது, ஒட்டுப்போடுகிற பஞ்சர் இல்லை. ரோட்டில் யானைச் சாணம் கிடந்தது. மாமா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, "காலைலதுதான் மாப்ள, பயப்படாதீங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பைகள் இறங்கின. அம்மா இறங்கினார். சீட்டை மடக்கிக் கம்பியை எடுத்து ஓட்டையில் விட்டுச் சுற்றினேன். நகரவில்லை. மாமா சுற்றினார். கம்பிதான் வளைந்தது. இருவரும் சேர்ந்து தொங்கினோம். நாலு வருடம் முன்னால் ஒரு மணி நேரம் மகாராஜாவாக இருந்ததற்கு வட்டி என்று அப்போது தெரியாது; கம்பெனிக்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அக்கா பைகளை வரிசையாக அடுக்கி அதன்மேல் பிள்ளைகளை உட்கார வைத்து, யாரும் பேசக்கூடாது என்று விரலை உதட்டில் வைத்தாள். அந்தக் காட்டில் பேசாமல் இருந்தால் கேட்கிற சத்தங்கள் பேசினால் கேட்பதைவிட மோசம்.

இருபது நிமிடத்தில் வனத்துறை ஜீப் வந்தது. "இவிடெ நிர்த்தான் பாடில்லா" என்று இறங்கியவர், எங்கள் குடும்பத்தையும் பெட்டி படுக்கையையும் பார்த்து மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் டிரைவர் சுத்தியலோடு அடியில் படுத்தார். தட்டத் தட்டத் துரு மாவாக உதிர்ந்தது. பாதி இறங்கிச் சாய்ந்து நின்ற சக்கரத்தைக் கடைசியில் உதைத்தே எடுத்தார். மாட்டிப் பார்த்தால் காற்று இல்லை. அப்பளம் மாதிரி அமுங்கியது. ஜீப் பின்னால் வர, இருபது கிலோமீட்டர் வேகத்தில் மலக்கப்பாறைக்கு உருண்டோம். வால்பாறையில் அளந்தபோது 33 இருக்க வேண்டிய இடத்தில் 14. டயர் பக்கவாட்டில் அச்சடித்த நாலு எண்ணையும் அப்போதுதான் படித்தேன்: 2312. 2012-ஆம் வருடம் இருபத்துமூன்றாவது வாரம் செய்த டயர். தரையையே பார்க்காமல் பத்து வருடம் தொங்கியே கிழடாகிவிட்டது.

ஊர் வந்து புதுச் சங்கிலி, புதுப் பல்சக்கரம் போட்டேன். கடற்கரையில் ஓட்டுவதையும் நிறுத்தினேன். பாடம் படித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் புதுசு போட்டாயிற்றே என்ற தைரியத்தில் அதற்கப்புறம் ஒரு தரம்கூட இறக்கிப் பார்க்கவில்லை. ரோ-ரோவையும் விடவில்லை. போன வாரம் சாதாரணமாக டயர் மாற்றி மாற்றிப் போடக் கொண்டுபோனேன். "ஸ்டெப்னியையும் சேர்த்துக்கங்கண்ணா" என்றேன். அரை மணி நேரம் கழித்து மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, இது காருங்களா, கருவாடுங்களா?"

கிரைண்டர் கூலி, புதுச் செட், அடியில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் என்று 6,800 ரூபாய். அவர் சொன்ன வைத்தியம் சின்னதுதான்: மூன்று மாதத்துக்கு ஒரு தரம் முழுக்க இறக்கி, காற்றுப் பார்த்து, சங்கிலிக்கு கிரீஸ் தடவி மறுபடி ஏற்ற வேண்டும், கடல் பக்கம் போய்வந்தால் மறுநாளே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் வாட்டர் சர்வீஸ். பத்து நிமிட வேலை. எட்டு வருடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கத்த வாயெடுத்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தை வீட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன். இருந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கம்பியைக் கடைசி சீட்டுக்கு அடியில் வைத்தவனை மன்னிக்க முடியாது. இப்போது அதை டிரைவர் சீட்டுக்குக் கீழே கட்டியிருக்கிறேன், ஜாக்கியும் அங்கேயே. பைகளை இறக்க வேண்டாம், அம்மாவை இறக்க வேண்டாம். இந்த இடமாற்றத்துக்கு எனக்கு ஆன செலவு ஒரு பழைய சைக்கிள் டியூப்.

நண்பனுக்கு இறுதியாகச் சொன்னது: இன்ஜின் சாகாது, மலையில் இழுக்கும், பின் ஜன்னலுக்கு ஈடு கிடையாது, வாங்காதே. அவன் குழம்பிப் போனான். "அப்ப உன்னுத வித்தர்றியா?" என்றான். நான் எதற்கு விற்க வேண்டும்? அவன் எதற்கு வாங்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. போன வாரம் கேட்டது அவன் தலையெழுத்து.

டிசம்பர் 24 விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புகிறோம். அம்மா 2022-க்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஏறுவதற்கு முன்னால் வண்டிக்குப் பின்னால் நின்று, "ஏங்கண்ணு, ஸ்டெப்னி எறங்குதா?" என்பார். இரண்டு வருடமாக "எறங்கும்மா" என்று வாயில் சொல்லி ஏற்றிவிட்டேன். கிரைண்டர் விஷயம் காதுக்குப் போய்விட்டதால் இந்தத் தடவை கண்ணால் பார்க்காமல் ஏற மாட்டாராம். நாலரைக்கே டார்ச்சோடு குனிய வேண்டும்.