ஆல்கெனோனா, டெக்ஸ்86-ஆ: பண்டைய கடலின் வெப்பநிலையை எதைக் கொண்டு கணிப்பது?

கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர்க் கொழுப்புகளிலிருந்து பண்டைய கடல்நீரின் வெப்பநிலையைக் கணிக்க விரும்பும் ஆய்வாளருக்கு முதன்மையான வழிகள் இரண்டு உண்டு.

1986-இல் முன்வைக்கப்பட்ட ஆல்கெனோன் முறை, எமிலியானியா ஹக்ஸ்லியி போன்ற மிதவைப் பாசிகள் உருவாக்கும், 37 கார்பன் அணுக்கள் கொண்ட, ஆல்கெனோன்கள் எனப்படும் கொழுப்புவகைக் கீட்டோன்களை நம்பியிருக்கிறது. நீர் குளிரக் குளிர, இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ளவை குறைந்து, மூன்று உள்ளவை கூடுகின்றன. சேற்றைக் கரைப்பானில் இட்டுப் பிரித்த சாற்றை கலவையின் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால், இவ்விரண்டும் வரைபடத்தில் அடுத்தடுத்த முகடுகளாக எழும். இவ்விரண்டின் மொத்தத்தில் இரண்டு பிணைப்புள்ளவற்றின் பங்கைக் காட்டும் குறியெண், ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 0.033 மாறுகிறது. பாசிக்கு ஒளி வேண்டும் என்பதால் இது மேல்மட்ட நீரையே பேசுகிறது என்று துணிந்து சொல்லலாம். என் பார்வையில் இதுவே இம்முறையின் பெரும்பலம். ஆனால் 28 டிகிரியை ஒட்டிக் குறியெண் 1-ஐ நெருங்கிவிடுவதால், வெப்பமிகு கடல்களில் இது பயன்படாது.

2002-இல் அறிமுகமான டெக்ஸ்86-க்கு அந்த வரம்பு இல்லை. ஆர்க்கியா எனும் ஒருசெல் நுண்ணுயிர்களின் சவ்வுக் கொழுப்பில் உள்ள வளையங்கள் வெப்பத்தில் கூடுவதை அளக்கும் இம்முறை, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலப் படிவுகளிலும் உதவுகிறது. எனினும், அவ்வுயிர்கள் ஒளியின்றி ஆழத்திலும் வாழ்வதால், கிடைக்கும் எண் மேற்பரப்பினதா, அதற்குக் கீழுள்ள நீரினதா என்ற ஐயம் நீங்குவதில்லை. ஆறுகள் கொணரும் மண்ணின் கொழுப்பும் கணக்கைக் குழப்பக்கூடும்.

ஆகவே, அண்மைப் பனியுகங்களின் மிதவெப்பக் கடல்களுக்கு ஆல்கெனோனையும், ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இயோசீன் போன்ற வெப்பமிகு காலங்களுக்கு டெக்ஸ்86-ஐயும் தேர்வேன்.