வாங்கில் 2 மணித்தியாலம், உள்ளே 20 நிமிடம்

கொத்துரொட்டிக் கடைக்கெல்லாம் விமர்சனம் எழுதுகிறோம். போதையை விடப் போகிற கிளினிக்குக்கு ஒருவரும் எழுதுவதில்லை, பெயர் கெட்டுவிடும் என்ற பயம். எனக்கு அது ஏற்கெனவே கெட்டுவிட்டது, ஆகவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஓட்டோ ஓட்டுகிறேன். 3 வருடம் ஹெரோயின் புகைத்தவன். இப்போது 14 மாதமாக இல்லை. நான் போவது ஓர் அரசாங்கக் கிளினிக், காசு இல்லை. குறையும் சொல்லப் போவதால் எந்த இடம் என்று எழுதவில்லை.

நம்பர் கொடுக்கிறவர் முதல் நாளே, "தூள் கேஸோ? அந்த வாங்கில இரும்" என்று வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னார். அந்த வாங்கு மருந்து எடுக்கிற வரிசைக்கு நேர் எதிரே. என் ஓட்டோவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தாய் அதில் நின்றார். அடுத்த மாதம் அந்த ஹயர் இல்லை. இதைப் பட்டுவிட்டு இரண்டாம் முறை வராமல் நிற்கிறவனில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

ஆனால் உள்ளே இருந்த ஆலோசகர் அக்காவுக்காக அந்த வாங்கில் இன்னும் 2 மணித்தியாலம் இருப்பேன்.

"ஏன் தம்பி விடப் போறீங்கள்?"

"அம்மா அழுறா."

"அது அம்மாவின்ர காரணம். சரி, தூளில உங்களுக்குப் பிடிச்சது என்ன?"

பொலிஸ் எங்கே வாங்கினாய் என்று கேட்டது. வீட்டில் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தார். விடவேண்டும் என்ற எண்ணம் 10-க்கு எத்தனை என்றார். 4 என்றேன். ஏச்சு விழும் என்று பார்த்தால், "ஏன் 1 இல்லை?" என்றார்.

அப்போதுதான் கோயில் கதை வாயில் வந்தது. பதினாறு வயதில் இருந்து ஊர்க் கோயிலில் சாமி காவுகிறவன் நான். அதற்கு முதல் திருவிழாவில் தோள் கொடுக்கப் போனபோது, "அண்ணை, நீங்கள் பந்தத்தைப் பிடியுங்கோ" என்று பெடியள் மரியாதையாகச் சொன்னார்கள். சாமியை விழுத்திவிடுவேன் என்று பயம். அம்மா அழுதபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதற்கு அன்றிரவு முழுக்க நித்திரை இல்லை.

புத்தி சொல்லாமல் அவனவன் காரணத்தை அவன் வாயாலேயே சொல்ல வைக்கிற இந்த முறை, வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் குடிகாரர்களோடு வேலை செய்து 1983-இல் எழுதியதில் இருந்து வளர்ந்ததாம். பிறகொரு நாள் அக்கா சொன்னார்.

இதற்கு முதல் வீட்டார் காசு கட்டி என்னை ஓரிடத்தில் 21 நாள் பூட்டி வைத்தார்கள். வெளியே வந்த அன்று பின்னேரமே தூள் வாங்கினேன். இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது, உயிரே போகலாம் என்று அங்கே ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கிளினிக்கில் முதல் நாளே சொன்னார்கள். நிறுத்தி 8 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவியும் மூக்கொழுகலும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு கிழமையளவில் தணியும் என்றும் சொன்னார்கள். நோவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து தந்தார்கள். எப்போது முடியும் என்று தெரிந்ததால்தான் பாயில் கிடந்தேன்.

ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைன் பாவிக்கிற இரண்டு பெடியளையும் கூட்டிப் போனேன். ஐஸுக்கென்று அங்கீகரித்த மருந்து இல்லை, பேச்சுத்தான் வைத்தியம். ஒருவன் வழக்குக்குக் கடிதம் கிடைத்ததும் நின்றுவிட்டான். மற்றவன் பல் கொட்டுகிற கவலையில் வந்தவன், இன்னும் வருகிறான்.

போகிறவர்கள் காலை 7 மணிக்கு முதல் நில்லுங்கள். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல் வேண்டும். அங்கே ஒரு விசிறிதான் சுற்றுகிறது. நேரே போகக் கூச்சமென்றால் முதலில் 1927 என்ற போதை ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துப் பேசலாம். வாங்கில் இடப்பக்க மூலையில் இருங்கள், தூண் கொஞ்சம் மறைக்கும்.