குன்னூர்ல "கப்பல்ல கழட்டின ரேடார்"னு யாராவது விக்க வந்தா முதல்ல இதைப் படிங்க

நீலகிரி மக்களே, அதுவும் கடற்கரைப் பக்கம் பொண்ணு குடுத்து எடுத்தவங்க கட்டாயம் படிங்க. குன்னூர்ல பழைய எலக்ட்ரானிக்ஸ் யாவாரம் பண்ற ஒருத்தர் (புகார் நடந்துட்டு இருக்கு, அதனால பேர் போடல) சார்ட் பிளாட்டர் (ஜிபிஎஸ் வச்சு கடல் மேப்புல படகு எங்க இருக்குன்னு காட்டுற ஸ்க்ரீன்), ரேடார்னு படகு சாமான் விக்கிறாரு. எங்க மச்சான்கிட்ட 85,000 ரூபாய் வாங்கிட்டு அவர் குடுத்தது எதுக்கும் ஆகாத சரக்கு. பணம் போனது கூட ரெண்டாவது விஷயம், அதை நம்பி ராத்திரி கடலுக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

எங்க குடும்பம் சிலோன்ல இருந்து மண்டபம் கேம்ப் வழியா கோத்தகிரி தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அக்காவை பாம்பன்ல கட்டிக் குடுத்திருக்கோம். மச்சானுக்குச் சொந்தமா ஒரு விசைப்படகு, சுக்கான் பிடிக்கிறதும் அவரேதான். தென்கடல்ல ராத்திரி மழை இருட்டுல கப்பல் வர்றது கண்ணுக்குத் தெரியாது, ஒரு ரேடார் இருந்தா நல்லாருக்கும்னு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாரு, புதுசு வாங்குற அளவுக்குக் கையில இல்ல. அப்பதான் இங்க வாட்ஸ்அப் குரூப்ல விளம்பரம் வந்துச்சு, குஜராத்ல பழைய கப்பல் உடைக்கிற ஆலங்ல இருந்து எடுத்தது, ரெண்டே வருஷம் ஓடினது, பிளாட்டர் ரேடார் ரெண்டும் சேர்த்துன்னு.

மச்சானால உடனே மலையேறி வர முடியல, நான் போய்ப் பார்த்தேன். தகரக்கூரை போட்ட குடோன். ஸ்க்ரீனை பேட்டரியில மாட்டி ஆன் பண்ணாரு. கடல் மேப்பு, நடுவுல குட்டிப் படகு, வேகம் 6.5 நாட்னு (மணிக்கு இத்தனை கடல் மைல்) போட்டு நகர்ந்துட்டே இருக்கு, பக்கத்துல ஆழம் 14 மீட்டர், 13.8ன்னு மாறிக்கிட்டே வருது. பட்டனை அமுக்கினாரு, ரேடார் படமும் டக்குனு வந்துச்சு, கோடு சுத்துது, புள்ளி புள்ளியா கப்பல் தெரியுது. "பாருங்க தம்பி, 36 மைலுக்கு எது வந்தாலும் காட்டும்"னாரு. ரேடார் டோம் (சிக்னல் அனுப்பிப் பிடிக்கிற ஆன்டெனா உள்ள இருக்கற வட்ட டப்பா) மட்டும் தனியா ஒரு மூலையில கிடந்துச்சு, அதை ஏன்ணே மாட்டலைன்னு கேட்டேன், மலையில ரேடார் போட்டா வயர்லெஸ் கேஸ் ஆயிடும்னு சொன்னாரு. ஸ்க்ரீன் மேல் மூலையில கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்துச்சு, கேட்டதுக்குக் கண்ணாடியில சின்ன கீறல்னாரு.

செட்டு பாம்பன் போனதும் அங்க ஜிபிஎஸ் மாட்டுறவர் வந்து முதல் வேலையா அந்த டேப்பைத்தான் பிரிச்சாரு. கீழே கீறலும் இல்ல ஒன்னும் இல்ல, "சிமுலேட்டர்"னு எழுத்து விட்டு விட்டு எரிஞ்சுட்டு இருந்துச்சு. அதாவது மிஷினுக்குள்ளயே டெமோவுக்குன்னு ஒரு மோடு இருக்கு, அதைப் போட்டா ஆன்டெனா வேண்டாம், டோம் வேண்டாம், படகே வேண்டாம், எல்லாமே பொய்யா ஓடும். 1,850 மீட்டர் உயரத்துல, தண்ணிக்குள்ள சென்சாரே இல்லாம, குன்னூர் குடோன்ல 14 மீட்டர் ஆழம் காட்டினது அதனாலதான். கடல் சாமான் மலையில யாருக்கும் தெரியாதுங்கறதுதான் அந்த ஆளோட மூலதனம்.

சிமுலேட்டரை ஆஃப் பண்ணி ஆன்டெனா மாட்டினதும் ரொம்ப நேரம் கழிச்சுதான் சேட்டலைட் பிடிச்சுது. தேதி பார்த்தா 2005! நாங்க மாட்டிப் பார்த்தது 2025-ல. ஜிபிஎஸ்ல வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருதடவை திரும்பப் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும், கடைசியா அப்படி ஆனது 2019 ஏப்ரல்ல, அதுக்குத் தயார் பண்ணாத பழைய ரிசீவர்தான் இப்படிப் பத்தொம்பதரை வருஷம் பின்னால காட்டும்னு அவர் விளக்கினாரு. ரெண்டு வருஷம் ஓடின மிஷினாம்! அப்புறம் சார்ட், உள்ள இருந்தது வெறும் பேஸ் மேப், அதாவது மேலோட்டமான மேப்பு. பாம்பன் பாலத்துக்கிட்ட எத்தனை பாகம் ஆழத்துக்குத் தண்ணி, எங்க பாறை, எங்க மணல்திட்டு எதுவுமே இல்ல. கூடக் குடுத்த சார்ட் கார்டு காப்பி அடிச்சது, மிஷின் அதை எடுக்கவே இல்ல. போதாக்குறைக்கு டேட்டம் செட்டிங்கை (மேப்புல இடத்தைக் கணக்குப் போடற அடிப்படை அளவு) எதுலயோ மாத்தி வச்சிருந்திருக்காங்க, படகுத்துறையில கட்டியிருந்த படகை ஊருக்குள்ள நிக்கிற மாதிரி காட்டுச்சு. அது ஜிபிஎஸ் பயன்படுத்துற டபிள்யூஜிஎஸ் 84-ல இருக்கணும், மாறியிருந்தா சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். இந்தியாவும் இலங்கையும் 1974லயும் 1976லயும் ஒப்பந்தம் போட்டு வச்ச கடல் எல்லைக்கோடு தண்ணி மேல தெரியவா போகுது, அங்க மீன் பிடிக்கிறவங்களுக்கு ஜிபிஎஸ்ல தெரியற நம்பர்தான் எல்லை. அது தப்பா இருந்தா படகும் போகும் ஆளும் ஜெயிலுக்குப் போவான்.

ரேடார் கதை இதைவிட மோசம். டோம் ஒரு கம்பெனி, ஸ்க்ரீன் வேற கம்பெனி. லேபிளைச் சுரண்டி எடுத்துட்டு வித்திருக்காரு. பொதுவா ஒரு கம்பெனி ரேடார் படம் இன்னொரு கம்பெனி ஸ்க்ரீன்ல வராது, ஜிபிஎஸ் தகவலை வேணா ஒன்னுக்கொன்னு பகிர்ந்துக்கும், ரேடாருக்குப் பெரும்பாலும் அது நடக்காது. கேபிளையும் ப்ளக்கோட சேர்த்து வெட்டி எடுத்திருக்காங்க. மச்சான் ரொம்ப நேரம் அந்த டோமையே பார்த்துட்டு நின்னாரு, "மாப்ள, இதை மாட்டிட்டு கப்பல் எதுவும் இல்லைன்னு நம்பி வலையைப் போட்டிருப்பேனே"ன்னாரு. எனக்குப் பதில் சொல்ல வாய் வரல.

பழசு வாங்குறதே தப்புன்னு நான் சொல்லல, நல்லா ஓடுற பழைய செட்டு எத்தனையோ பேர் வச்சிருக்காங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி சிமுலேட்டரை உங்க கண்ணு முன்னாடி ஆஃப் பண்ணச் சொல்லுங்க. திறந்தவெளிக்கு எடுத்துட்டு வந்து ஆன்டெனா மாட்டச் சொல்லுங்க, ஸ்க்ரீன்ல வர்ற இடமும் தேதியும் உங்க போன்ல இருக்கறதோட ஒத்துப்போகணும், நின்ன இடத்துல வேகம் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கணும். மேக்னட்ரான் (ரேடார் அலையை உண்டாக்குற குழாய்) வச்ச ரேடார்னா ஆன் பண்ணதும் சூடாக ஒன்னு ரெண்டு நிமிஷம் கவுண்ட்டவுன் ஓடும், படம் டக்குனு வந்தா சந்தேகப்படுங்க. மேக்னட்ரான் தேயற பார்ட், எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பல மாடல்ல மெனுலயே இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்க. 36 மைல் பேச்சையும் நம்பாதீங்க, படகுல 4 மீட்டர் உயரத்துல டோம் வச்சா ரேடாருக்கு அடிவானமே நாலரை கடல் மைல்தான், உசரமான கப்பல் இன்னும் தள்ளித் தெரியும், சின்ன ஃபைபர் வல்லம் கிட்ட வந்தாலும் தெரியறது கஷ்டம்.

திருப்பிக் கேட்டதுக்கு "பார்த்துத்தானே வாங்கினீங்க"ன்னாரு, அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிட்டாரு. தொழிலுக்கு வாங்கினதுக்கு கன்ஸ்யூமர் கேஸ் போட முடியாதுன்னு வேற மிரட்டினாரு. அது பொய். சொந்தமா உழைச்சுப் பிழைக்கிறதுக்கு வாங்கினா 2019 சட்டப்படி நாமளும் நுகர்வோர்தான், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு அடிச்சுப் பதிவு பண்ணியாச்சு, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம். அவர் பில் குடுக்கல, ஆனா விளம்பர ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் சாட், ஜிபே ரசீது எல்லாம் இருக்கு, டேப்பைப் பிரிச்ச வீடியோவும் இருக்கு.

போன வாரம் அதே ஆள் வேற நம்பர்ல இருந்து இன்னொரு செட்டு போட்டிருக்காரு, அந்த போட்டோலயும் ஸ்க்ரீன் மூலையில கறுப்பு டேப் இருக்கு. மண்டபம், தங்கச்சிமடம், தூத்துக்குடி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா இதை அனுப்பி விடுங்க. இவர்கிட்ட ஏற்கனவே வாங்கி ஏமாந்தவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேர்ந்தே புகார் குடுக்கலாம்.