ஒரே கம்பெனி லேப்டாப், இரண்டு விதமான மரியாதை: பினாங்கு அனுபவம்

தைப்பூசத்துக்கு மெல்பர்னிலிருந்து பினாங்கு வந்த நேரம் பார்த்து வீட்டில் இரண்டு லேப்டாப் படுத்துவிட்டன. இரண்டும் ஒரே கம்பெனி. ஒன்று தங்கச்சி கடையில் வாங்கிய வீட்டு மாடல். இன்னொன்று அண்ணனுடைய பட்டர்வொர்த் ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்பும்) அலுவலகத்தில் ஓடுவது, வாங்கும்போதே ஆன்சைட் வாரண்டி, அதாவது ஆள் நம் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி, சேர்த்தது.

தங்கச்சியுடையதை ஜார்ஜ்டவுன் சர்வீஸ் கவுண்டருக்கு நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். "பார்ட்ஸ் வந்ததும் கூப்பிடுறோம்" என்றார்கள். நான் விமானம் ஏறும்வரை யாரும் கூப்பிடவில்லை.

அண்ணன் போனில் புகார் சொன்னார். அதை அமுக்கு, இதைக் கழற்று என்று போனிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, விடுமுறை கழிந்த மறுநாள் டெக்னீஷியனை அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். அந்த டெக்னீஷியன் தம்பி வந்து மேசையில் விரிப்பைப் போட்டு, அடிமூடியைத் திறந்து, மதர்போர்டை மாற்றி, பழைய சீரியல் நம்பரைப் புது போர்டில் ஏற்றினார். மெஷினைப் போட்டால் நீலத் திரை: வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், அதன் 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்கிறது. வட்டைத் திறக்கும் சாவியை வைத்திருந்த டிபிஎம் சிப் பழைய போர்டோடு போய்விட்டதே! நல்லவேளை, அலுவலகக் கிராணி (குமாஸ்தா) அக்கா அந்த ரிக்கவரி கீயை அச்சடித்து ஃபைலில் வைத்திருந்தார். "முக்கால்வாசி ஆபீஸ்ல இது இருக்காதுண்ணே" என்றார் தம்பி.

அண்ணன் இப்போது புது மெஷின்கள் வாங்கப்போகிறார். டெல்லா, எச்பியா, லெனோவோவா என்று வீட்டில் ஒரே விவாதம். டெல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1990களிலேயே தொழிற்சாலை போட்டதால் பினாங்குக்காரர்களுக்கு அதன்மேல் ஒரு சொந்தப் பாசம். சர்வீஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெல்லின் ப்ரோசப்போர்ட், எச்பியின் கேர் பேக், லெனோவோவின் பிரீமியர் சப்போர்ட் என்ற சர்வீஸ் திட்டங்கள் எல்லாமே தனிக்காசுக்குக் கிடைப்பவைதான். என்னைக் கேட்டால் பிராண்டை விட்டுவிட்டு ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். "அடுத்த வேலைநாள்" என்பது போன் சோதனை முடிந்த பிறகுதான் எண்ணப்படும். அதுவும் பார்ட்ஸ் கையிருப்பில் இருந்தால். மெஷினுக்கு 3 வருடம் என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் 1 வருடம்தான். கெட்டுப்போன எஸ்எஸ்டியை, அதாவது நம் ஃபைல்கள் இருக்கும் வட்டை, வழக்கமாகக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விடும். நம்மிடமே வைத்துக்கொள்ள தனிக் கட்டணம். வாடிக்கையாளர்களின் இன்வாய்ஸெல்லாம் கிடக்கிற அலுவலகத்துக்கு அந்தக் காசு தண்டமில்லை.

"மெல்பர்ன்ல ஆஃபர் போகுதாமே, அடுத்த தடவை ரெண்டு வாங்கிட்டு வாயேன்" என்றார் அண்ணன். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே வாங்கிய ஆன்சைட் வாரண்டி இங்கே அப்படியே செல்லும் என்று நம்ப முடியாது. டெல் என்றால் மெஷின் நாடு மாறியதைப் பதிய வேண்டும். அந்த அலைச்சல் யாருக்கு?

கிளம்பும் முன் ஒரு விற்பனையாளரின் கொட்டேஷன் வந்தது, எச்பி மெஷின்களுக்கு. கொட்டை எழுத்தில் "3 ஆண்டு வாரண்டி". கீழே பொடி எழுத்தில் 3/3/0. முதல் எண் பார்ட்ஸ், இரண்டாவது கூலி, மூன்றாவது ஆன்சைட். அண்ணன் அந்தப் பூஜ்யத்தைச் சிவப்பில் வட்டம் போட்டுப் படமெடுத்து, "இதை மூணாக்கி விலை சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பிவிட்டார்.