ஆராதனையை மாற்றுவதா, விளக்குவதா?

கிறிஸ்தவப் பின்னணியே இல்லாத ஒருவர் சபைக்கு வருகிறார். அவருக்காக என்ன செய்யலாம் என்பதில் மூன்று கட்சிகள் இருக்கின்றன.

முதல் கட்சி, ஞாயிறு கூட்டத்தையே அவருக்கு ஏற்றபடி மாற்றச் சொல்கிறது. 1975-இல் சிகாகோ பக்கத்தில் தொடங்கிய வில்லோ கிரீக் சபை இதற்குப் பேர்போனது. வீடு வீடாகப் போய் ‘ஏன் சபைக்கு வருவதில்லை’ என்று கேட்டு, கிடைத்த பதில்களை வைத்தே கூட்டத்தை அமைத்தார்கள்: அரங்கில் சிலுவை இல்லை, நாடகம் உண்டு, அன்றாடப் பிரச்சினைகளைப் பற்றிய பேச்சு உண்டு, விசுவாசிகளின் ஆராதனை வாரநடுவில் தனியாக. கூட்டம் குவிந்தது. ஆனால் நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வதால் மட்டும் ஆவிக்குரிய வளர்ச்சி வந்துவிடவில்லை என்று 2007-இல் அவர்களே ஆய்வு நடத்தி ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இதில் வேறொரு குறையும் படுகிறது: கிறிஸ்தவர்கள் எப்படி ஜெபிக்கிறார்கள் என்று பார்க்க வந்தவருக்கு அதை மறைத்துவிடுகிறோமே!

இரண்டாவது, கிறிஸ்தவ நம்பிக்கையை அறிமுகப்படுத்தும் ஆல்ஃபா வகுப்பு மாதிரி தனி இடம். லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் 1977-இல் புது விசுவாசிகளுக்காகத் தொடங்கியதை, 1990-களில் நிக்கி கம்பெல் வெளியாட்களுக்கானதாகத் திருப்பினார். சாப்பாடு, ஒரு பேச்சு, அப்புறம் சின்னக் குழுவில் கலந்துரையாடல். எதையும் கேட்கலாம் என்பது இதன் பெரிய பலம். ஆனால் வாரக்கணக்கில் வர வேண்டும். சும்மா எட்டிப் பார்க்க வந்தவருக்கு இது அதிகம்.

மூன்றாவது, ஆராதனையை அப்படியே வைத்துக்கொண்டு நடக்க நடக்க விளக்குவது. என் ஓட்டு இதற்குத்தான். புதியவரை உறுத்துவது பழைய பாட்டோ நீண்ட ஜெபமோ அல்ல, இப்போது தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாததுதான். எழுந்து நிற்கணுமா? காணிக்கைப் பை வந்தால் போட்டே ஆகணுமா? திருவிருந்துக்கு (அப்பமும் திராட்சரசமும் பெற) எல்லோரும் போகும்போது தனியாக உட்கார்ந்திருந்தால் தப்பா? ‘விருந்தினர்கள் காணிக்கை போட வேண்டியதில்லை’, ‘ஞானஸ்நானம் பெறாதவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம்’ என்று போதகர் சொல்ல அரை நிமிடம் போதும். பல ஆங்கிலிக்கன் ஆலயங்களில், மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து முன்னால் போனால் அப்பம் தராமல் ஆசீர்வாதம் மட்டும் தருவார்கள், அதையும் சொல்லிவிடலாம். எல்லோரும் அந்நிய பாஷையில் (கேட்பவருக்குப் புரியாத ஜெப மொழியில்) பேசினால் உள்ளே வரும் வெளியாள் உங்களைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டானா என்று அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் கேட்டதும் இந்தக் கவலைதான். பேசுவதானால் ஒருவர் அர்த்தம் சொல்லட்டும் என்றார்.

இதன் பலவீனம், போதகர் வாரம் தவறாமல் சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

சிறிய சபையானால் மூன்றாவதில் தொடங்குங்கள். வந்தவர் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு இரண்டாவது. எந்த வழியானாலும், ‘முதல் முறை வந்தவர்கள் எழுந்து நின்று பெயர் சொல்லுங்கள்’ என்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.